பொங்காலைத் தெருவில் மாட்டிக்கொண்ட பேட்டரிகள்

நம் பேட்டரிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு,

இப்படிப்பட்ட கட்டுரைகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவது வழக்கம். எனக்கு அதற்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது. நான் கொச்சிக் கிளைக்கு மாறிப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் பிரிவு உபசாரத்தில் எல்லோரும் என்னைக் காசிக்குப் போகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு பலகாரம் ஊட்டினார்கள். அந்த மயக்கத்தில் நானும் மூத்தவளாகிவிட்ட நினைப்போடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலையை எப்படிச் செய்வது என்று எழுதப் போவதில்லை. எந்தப் பேட்டரி எந்தப் பெட்டிக்கு, முனைகளில் எப்படி டேப் ஒட்டுவது என்பதெல்லாம் சில நாளில் உங்கள் விரல்களுக்கே வந்துவிடும். கூட்டம் சூழ்ந்து நிற்கும்போது, ஒரு பக்கம் ஃபோன் அடித்துக்கொண்டிருக்கும்போது, எதை முதலில் செய்வது, எதைச் சொல்வது என்பதுதான் வர நாளாகும். எனக்கு அது வந்த நாள் ஆற்றுக்கால் பொங்காலை. வந்த இடம் திருவனந்தபுரம் கரமனையில், நம் வேனின் பின்கதவுக்கு முன்னால்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. பாறசாலைக்கு அப்பால், எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பா குவாரியில் பாறை உடைத்தவர். அம்மா முந்திரி ஆலையில் தோல் நீக்கியவர். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். அதோடு நில்லாமல் வேதியியல் பட்டமும் வாங்கினேன். இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்துவேன். நிமிர்த்தட்டும் என்று விட்டுவிடுங்கள், நன்றாகத்தான் இருக்கிறது.

அப்போது பேட்டரிப் பிரிவு தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பழைய ஃபோன், லேப்டாப் பேட்டரிகளை வீடு வீடாகச் சேகரித்து ரகம் பிரித்து வைப்போம். அவற்றிலிருந்து கோபால்ட்டும் நிக்கலும் லித்தியமும் எடுக்கிற ஆலை நம்மிடம் கிடையாது. கோவையில் ஓர் ஆலை வாங்கிக்கொள்ள யோசிப்பதாகச் சொன்னது. அவர்கள் வாங்கினால் பிரிவு நடக்கும். வாங்காவிட்டால் அந்த மாதக் கடைசியோடு மூடிவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. பிரிவில் என்னோடு இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். பாதிப் பேர் முந்திரி ஆலை மூடியதால் இங்கே வந்தவர்கள். இதுவும் மூடப்போகிறது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான்தான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் தப்பிக்க நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

கோவைக்காரர் சரக்கைப் பார்க்க வருவதற்கு நம் மேலாளர் ஒரு நாளைக் குறித்தார். அவர் பாலக்காட்டுக்காரர், இருப்பது கொச்சியில். குறித்த நாள் பொங்காலை நாள்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றுக்கால் அம்மைக்குப் பெண்கள் பொங்கலிடும் பொங்காலை அன்று திருவனந்தபுரத்தில் சாலை கிடையாது. சாலை இருந்த இடத்தில் அடுப்புதான் இருக்கும். மூன்று செங்கல், ஒரு பானை, ஒரு பெண். அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று செங்கல், இன்னொரு பானை, இன்னொரு பெண். கோயிலிலிருந்து தம்பானூர் ரயில் நிலையம் தாண்டியும் இப்படியே போகும். காலையில் கோயிலில் முதல் அடுப்பைப் பற்றவைப்பார்கள். அந்தத் தீயை ஓர் அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்குப் பெண்களே கைமாற்றிக் கைமாற்றி நகரம் முழுவதும் கொண்டுபோவார்கள். அதுவரை எல்லோரும் விறகை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவர்கள். எனக்குப் பானையும் இல்லை, செங்கல்லும் இல்லை. பிரிவில் எல்லோருக்கும் விடுப்பு, எனக்கு மட்டும் பணி. முந்தின நாள் மாலையே நம் டிரைவர் சசி அண்ணன் வேனில் சரக்கை ஏற்றிவிட்டார். பேட்டரிகள் உலர்ந்த மணலில் புதைந்து, மூடி போட்ட டிரம்களில் இருந்தன. அவற்றைப் புறநகரில் உள்ள நம் கிடங்கில் கொண்டுபோய் வைத்தால், மறுநாள் கோவைக்காரர் ரயிலிறங்கி நேரே அங்கே வந்துவிடுவார். திட்டம் அழகாக இருந்தது.

காலையில் சசி அண்ணனின் ஃபோன் வந்தது.

"மோளே, வண்டி கரமனைல கெடக்கு."

"கெடக்குன்னா? கிடங்குக்குப் போகலியா?"

"போகல்லை."

"ஏன் அண்ணே?"

"கெடக்கு, மோளே. நீ ஒண்ணு வா. தேஷ்யப்படாம வா."

கோபப்படாமல் வா என்று ஒருவர் முன்கூட்டியே சொன்னால், கோபப்படும்படியாக ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். நான் குடியிருந்த அறை கரமனையிலேயே இருந்ததால் ஓடினேன். ஓடினேன் என்பது சும்மா. பானைகளைத் தாண்டித் தாண்டி, "அம்மா கொஞ்சம், சேச்சி கொஞ்சம்" என்று கெஞ்சிக் கெஞ்சிப் போனேன்.

பழைய அக்ரகாரத் தெரு அது. வெள்ளையில் சிவப்புக் கரை போட்ட சேலைகளுக்கு நடுவே நம் வேன் கல்யாணப் பந்தலில் புகுந்த யானைபோல நின்றது. நான்கு பக்கமும் அடுப்பு. பின்கதவை ஒட்டினாற்போல் ஓர் அடுப்பு. அதன் முன்னால், வேனின் நிழலில், சௌகரியமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவர் சசி அண்ணனின் மனைவி லதா அக்கா.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொங்காலைக்கு இடம் பிடிக்க ஊரில் பாய் விரிப்பார்கள், செங்கல்லில் பெயர் எழுதி வைப்பார்கள், கயிறு கட்டுவார்கள். நம் சசி அண்ணன் கம்பெனி வேனையே நிறுத்தி இடம் பிடித்திருக்கிறார். விடிவதற்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்தாராம். விடிவதற்குள் தெரு நிறைந்துவிட்டது.

"அவரெ திட்டாத பிள்ளே" என்றார் லதா அக்கா. "நாந்தான் சொன்னேன். மாசி வெயிலு மண்டையப் பொளக்கும். ஒரு வண்டி நெழலு கெடச்சா அம்மெக்க புண்ணியம்னு."

"அக்கா, வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"பழைய பேட்டரி. செத்த பேட்டரி என்ன செய்யும்?"

செத்த பேட்டரி என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிரம்களில் பெரும்பாலானவை சாது. ஒன்றில் மட்டும் உப்பிப்போன பேட்டரிகள். வேனோ பூட்டியது, தகரம், மாசி வெயில். இன்னும் கொஞ்ச நேரத்தில் பின்கதவுக்கு ஒரு சாண் தள்ளித் தீ எரியப் போகிறது. தெருவில் ஒரு பெண் நகர வேண்டுமென்றால் இன்னொரு பெண் எழுந்து வழிவிட வேண்டும்.

பக்கத்து அடுப்பிலிருந்த அம்மாவிடம் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். "நான் முந்தாநாள்லேந்து இந்தச் செங்கல்லுக்குக் காவல் இருக்கேன், கேட்டியா?" என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். "வெடிக்கும், ஓடுங்கள்" என்று கத்தியிருந்தால் தெரு ஒரு நிமிடத்தில் காலியாகியிருக்கும். ஆனால் பானை மேல் பானை, ஆள் மேல் ஆள் விழுந்து, பேட்டரி செய்யாததைப் பயம் செய்திருக்கும். ஒன்றுமில்லை, சும்மா பேப்பர் கட்டு என்று பொய் சொல்லியிருந்தால் எவரும் எழுந்து உதவியிருக்க மாட்டார்கள். நான் லதா அக்காவிடமும் அந்த வரிசையில் இருந்தவர்களிடமும் உள்ளதைச் சொன்னேன். "சூடு படக்கூடாத சாமான். இப்ப ஒண்ணும் ஆகல்லை. தீ வர்றதுக்குள்ள இறக்கி நெழல்ல வெச்சா ஒண்ணும் ஆகாது. இறக்க ஆள் வேணும், வெக்க இடம் வேணும்."

"ஆளு நாங்க இருக்கோம். பானையைப் பக்கத்துக்காரி பாத்துக்குவா" என்று எழுந்தார் லதா அக்கா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்ட விதத்தில், இனி எனக்கு வேலை இடம் தேடுவது மட்டும்தான் என்று தெரிந்துபோனது.

எதிரே ஒரு வீட்டில் காலியான கார் ஷெட் இருந்தது. வாசலில் அடுப்பு வைத்துக்கொண்டு ஒரு மாமி கண் கலங்கி நின்றிருந்தார்.

"மாமி, ஒரு உதவி..."

"உங்கிட்ட வெல்லம் இருக்கா?"

"வெல்லமா?"

"வெல்லம்தான். அரிசி இருக்கு, தேங்கா இருக்கு, பழம் இருக்கு. வெல்லத்தை எடுத்துப் பாத்தா முழுக்க எறும்பு! மாமா விடிஞ்சதுலேருந்து கடை கடையா அலையறார். இந்த ஊர்ல இன்னிக்கு வெல்லம்னு ஒரு சாதனமே கிடையாதாம். நான் என்னத்தை அம்மைக்கு வெக்கட்டும்?"

"வெல்லம் நான் கொண்டுவர்றேன் மாமி. நீங்க ஷெட்டைத் தாங்க."

"எதுக்கு?"

சொன்னேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "வெடிக்குமா?"

"நெழல்ல, மணலுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாது. ஒரு டிரம் மட்டும் கொஞ்சம் முரடு. பொய் சொல்ல மாட்டேன்."

"அந்த முரட்டை என் ஆத்துக்குள்ள கொண்டுவராதே. அடுத்தாத்துல மராமத்துக்கு எம்-சாண்ட் கொட்டி வெச்சிருக்கா. அதுல புதை. மத்ததெல்லாம் ஷெட்டுல வை." பிறகு விரலை நீட்டினார். "வெல்லம்!"

திரும்பிப் பார்த்தால் லதா அக்கா வேனிலிருந்து ஷெட் வரை பெண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். மாமியின் கதையைச் சொன்னேன். "இவ்வளவுதானா?" என்று ஒரு சத்தம் போட்டார். "ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் எடுங்கோ! அக்ரகாரத்து அம்மாவுக்கு!" டிரம் ஒன்று ஷெட்டை நோக்கிக் கைமாறிப் போகும், வெல்லத் துண்டு ஒன்று அதே கைகளில் மாமியை நோக்கிப் போகும். உருண்டை வெல்லம், அச்சு வெல்லம், கறுத்தது, மஞ்சளானது என்று மாமியின் முறத்தில் ஒரு குன்று சேர்ந்துவிட்டது. "போரும், போரும், பாயசம் கூழாயிடும்!" என்று மாமி கூவினார். யாரும் நிறுத்தவில்லை. நான் சிரித்துக்கொண்டே டிரம் தூக்கினேன். டிரம் தூக்கும்போது சிரித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும், சிரிக்காதீர்கள்.

அப்போது தெருக் கோடியில் பெண்களின் குரவை ஒலி கேட்டது. தீ வந்துவிட்டது.

வேனில் மிச்சமிருந்தது ஒரே டிரம். முரடு. கடைசிக்கு என்று விட்டிருந்ததை, மற்றவற்றை இறக்கும் அவசரத்தில் யாரோ வெயில் படும் கதவோரம் நகர்த்தி வைத்திருந்தார்கள். மூடியைத் தொட்டேன். வெதுவெதுப்பு. மூடியிடுக்கிலிருந்து ஒரு வாசனை, பழக்கடையில் அழுகத் தொடங்கிய பழம்போல இனிப்பாக. அந்த வாசனை வந்தால் நீங்கள் யோசிக்கவே கூடாது. இதை மட்டும் பெண்கள் கையில் கொடுக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். சசி அண்ணன் தெருவின் மறுகோடியில் யாருக்கோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். தனியாகத் தூக்க முடியாது.

"ஏனுங்க, இதுக்கு ஒரு பக்கம் புடிக்கோணுமுங்களா?"

திரும்பினேன். வெள்ளைச் சட்டை, தோளில் பை, பளபளத்த ஷூ, புகை தொடங்குவதற்கு முன்பே வியர்த்து வழியும் முகம். தம்பானூரில் இறங்கி ஆட்டோ கேட்டிருக்கிறார், ஆட்டோக்காரர்கள் சிரித்திருக்கிறார்கள். வண்டி மாட்டிக்கொண்டதும் நான் ஃபோனில் அனுப்பிய இடத்தைத் தேடி நடந்தே வந்துவிட்டார் கோவைக்காரர். பிரிவை மூடுவதா வேண்டாமா என்பது அந்த மனிதரின் கையில் இருந்தது. அவர் கையில் அந்த டிரம்மைக் கொடுக்கலாமா?

"சார், இதுல ஒண்ணு சூடாகுது. நீங்க வேண்டாம்."

"நானும் பேட்டரிக்காரந்தானுங்க" என்று சொல்லி ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டார்.

பானைகளுக்கு இடையே நண்டுபோல நடந்து, அடுத்த வீட்டு எம்-சாண்ட் குவியலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மூடியைத் திறந்து, உள்ளே இருந்த மணலோடு எல்லாவற்றையும் குவியலில் கவிழ்த்தோம். ஒரு பேட்டரி மட்டும் தனியே உருண்டு, கோபத்தில் மூக்கால் ஊதுவதுபோல 'புஸ்' என்று வெள்ளைப் புகை விட்டது. மண்வெட்டி இல்லை. மாமி வீட்டு வாசலிலிருந்த குப்பைமுறத்தை ஓடிப்போய் எடுத்து வந்தேன். நானும் அவரும் மணலை அள்ளி அள்ளி அதன் மேல் போட்டோம். புகை நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்கள்? தெரு முழுக்கப் புகை! எல்லா அடுப்பும் பற்றிக்கொண்டுவிட்டது. எல்லோரும் குரவையிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பேட்டரிக்கும் சேர்த்துத்தான் இட்டார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு ஷெட்டில், கவிழ்த்த வாளிகள் மேல் உட்கார்ந்தோம். கண்ணில் தண்ணீர் கொட்டியது, இருவருக்கும். மாமி மோர் கொடுத்தார். கோவைக்காரர் கையைக் கழுவிக்கொண்டு, தமக்குத் தோன்றிய டிரம்களைத் திறந்து, தமக்குத் தோன்றிய பேட்டரிகளை எடுத்து நிதானமாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

என் ஃபோன் ஒரு குறுஞ்செய்தியோடு அதிர்ந்தது. மேலாளர். "ஸ்லைடைக் காட்டிட்டியா? தீந்து போகும்னு சொன்னாத்தான் வாங்குவா. பயம் வரணும்."

அந்த ஸ்லைடு இப்போது உங்கள் பயிற்சியில் இல்லை, அதனால் சொல்கிறேன். அதில் ஒவ்வோர் உலோகத்தின் பெயருக்கு எதிரிலும் அது உலகத்தில் தீர்ந்துபோகும் ஆண்டு இருந்தது. பின்னணியில் வறண்டு வெடித்த நிலம். கீழே சிவப்பு எழுத்து.

கோவைக்காரர் நான் ஃபோனைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "படம் ஏதாவது இருக்குங்களா அம்மணி? இந்த வாரம் போன எடத்துல எல்லாம் படம் போட்டுத்தான் காட்டுனாங்க. செம்பு தீந்துரும், கோபால்ட் தீந்துரும்னு. நீங்க படிச்சவுங்க. நெசமாச் சொல்லுங்க. தீந்துருமுங்களா?"

முந்திரி ஆலையிலிருந்து வந்த பெண்கள் அப்போது நகரத்தின் எந்தெந்தத் தெருவிலோ பானை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் என்ன என்று தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் காலையிலிருந்து ஒரு தெருவைப் பயமுறுத்தாமல் வேலை வாங்கியிருக்கிறேன். இந்த ஒரு மனிதரை மட்டும் ஏன் பயமுறுத்த வேண்டும்?

"தீராது சார்" என்றேன்.

மோர் தம்ளரைக் கீழே வைத்தார்.

வாசலில் லதா அக்காவின் அடுப்பைக் காட்டினேன். "அந்த அக்கா கொஞ்சம் தென்னங்கொதும்பும் ஓலையும் கொண்டுவந்திருக்காங்க. ஒரு பானைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு. இதை எண்ணிப் பாத்துட்டு, மத்தியானத்துக்குள்ள உலகத்துல தென்னை மரமே அழிஞ்சுபோகும்னு யாராவது சொன்னா? அந்தப் படத்துல இருக்குற கணக்கு அதுதான். சுரங்கக்காரங்க துளை போட்டுப் பாத்து, இன்னைய விலைக்கு எடுத்தாக் கட்டுப்படியாகும்னு தெரிஞ்சதை மட்டும்தான் கையிருப்புன்னு எழுதுறாங்க. துளை போடுறதுக்கு ஏகப்பட்ட செலவு. அடுத்த சில வருஷத்துக்கு வேணுங்கறதுக்கு மேல எவனும் தேடிப் பாத்து வெக்க மாட்டான். விலை ஏறினா இன்னும் தேடுவான். தரம் குறைஞ்ச தாதுன்னு விட்டதையும் எடுப்பான். இல்லாட்டி அது இல்லாம வேற பேட்டரி செய்வாங்க, கோபால்ட் இல்லாம இப்பவே செய்றாங்க. உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்."

"தெரியுமுங்க" என்றார். "அப்ப நா எதுக்குங்க உங்ககிட்ட வாங்கோணும்?"

நல்ல கேள்வி. நானே எனக்குக் குழி வெட்டி, விளிம்பில் பூவும் வைத்திருந்தேன். அப்போது மாமியின் முறம் கண்ணில் பட்டது.

"சார், உலகத்துல வெல்லம் தீந்துபோச்சா? இல்ல. ஆனா இன்னைக்குக் காலைல இந்த மாமிக்கு ஒரு உருண்டை கெடைக்கல்லை. ஒரே நாள்ல எல்லாருக்கும் வேணும்னா அப்படித்தான். ஊரெல்லாம் திடீர்னு மின்சார வண்டிக்கு மாறினா, புதுச் சுரங்கம் திறக்க வருஷக்கணக்காகும். மண்ணுக்குள்ள எவ்வளவோ இருக்கும், உங்க ஆலை வாசல்ல இருக்காது. அன்னைக்கு ஆளுக்கு ஒரு துண்டுன்னு சேத்துக் கொடுக்க ஒரு தெரு வேணும். அதுதான் எங்க வேலை."

அவர் சிரித்தார். அது போதாது என்று எனக்குத் தெரிந்தது. மிச்சத்தையும் சொன்னேன். அது படிப்பில் வந்ததில்லை.

"நாம புதைச்சோமே, அந்த மணல் எங்கேருந்து வந்ததுன்னு நெனைக்கிறீங்க? முன்னால வீடு கட்ட ஆத்து மணல் எடுத்தாங்க, இங்க கரமனை ஆத்துலேருந்தும். உலகத்துல மணல் தீந்துபோகல்லை. ஆறுதான் தாங்கல்லை. கரை இடிஞ்சுது, கிணத்துல தண்ணி இறங்கிச்சு, போதும்னு நிறுத்தினாங்க. அதுக்குப் பதிலாத்தான் பாறையப் பொடிச்சு எம்-சாண்ட். அந்தப் பாறை எங்க ஊர்ப் பக்கத்துக் குன்று. எங்க அப்பா உடைச்சது. நான் படிச்சது அந்தக் கூலியில. அதனால குவாரியே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப அந்தக் குன்று இருந்த எடத்துல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, மழைத் தண்ணி நிக்குது. உலோகமும் இப்படித்தான் சார். தீராது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தருக்க ஊர் போகும். இந்த டிரம்ல இருக்குறதுக்கு ஒரு ஊரு ஏற்கெனவே போயாச்சு. அதையும் குப்பையில போட்டுட்டு இன்னொரு ஊரைத் தோண்டணுமா?"

நான் இன்னும் கொஞ்சம் உளறினேன்: "சில மாசம் சுரங்கச் சரக்கு எங்களதைவிட மலிவாக் கெடைக்கும். அப்ப எங்களைத் திட்டுவீங்க. அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

"இவ்வளவு சொல்லோணும்னு உங்க சார் சொன்னாருங்களா?"

"இல்லைங்க. அவர் ஸ்லைடைக் காட்டச் சொன்னார்."

"காட்டுங்க, பாக்கலாம்."

காட்டினேன். ஃபோனைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். "வெடிச்ச நெலத்தை எங்க ஊருக் கொளத்துல எடுத்தாப்பல இருக்குதுங்க" என்றார். அதற்கு மேல் வாங்குவதைப் பற்றியோ வாங்காததைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. மாமி கொடுத்த பாயசத்தை மட்டும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அது கூழாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி ஓர் இனிப்பு!

பிற்பகலில் பூசாரிகள் வந்து பானைகளில் தீர்த்தம் தெளித்தார்கள். ஒரு மணி நேரத்தில் தெரு கலைந்தது. அடுப்பையெல்லாம் தண்ணீர் ஊற்றி அணைத்து, பானைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு பெண்கள் பஸ்ஸைத் தேடிப் போனார்கள். ஷெட்டிலிருந்த டிரம்களை மறுபடி வேனில் ஏற்றினோம். முரட்டை மட்டும் ஆறும்வரை மணலிலேயே விட்டு, மாமாவைக் காவல் வைத்தோம். கோவைக்காரருக்கு ரயில் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சசி அண்ணன் தம்பானூரில் இறக்கிவிடுகிறேன் என்று கம்பீரமாக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

'டிக்' என்றது வண்டி. மறுபடி திருப்பினார். 'டிக்.' அதன் பிறகு அதுவும் இல்லை.

"பேட்டரி போச்சு" என்றார் சசி அண்ணன், யாரோ தூரத்து உறவினர் போய்விட்டதைச் சொல்வதுபோல.

கோவைக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். கூரைவரை பேட்டரி. சசி அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவருக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, முதலில் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் வேனில் சாய்ந்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. லதா அக்கா ஒருவர்தான் நிதானத்தில் இருந்தார்.

"சிரிச்சா வண்டி போகுமா? எல்லாரும் பொறத்தால வாங்கோ. தள்ளு!"

மிச்சமிருந்த பெண்களும் நானும் மாமியும்கூடக் கை வைத்தோம். கோவைக்காரர் பையைத் தோளில் இறுக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். செங்கற்களுக்கு நடுவே வழி பார்த்து வண்டியை உருட்டினோம். கரமனைச் சரிவு தொடங்கும் இடம்வரை தள்ள வேண்டும்.

"அம்மணி" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "மாசா மாசம்... இதே அளவு... அனுப்ப முடியுங்களா?"

"என்ன சார்?"

"ஒரு வருசத்துக்கு எழுதிக்கலாமுங்க. ராத்திரி மெயில் போட்டர்றேன். அந்தப் படத்தை மட்டும்... வேற யாருக்கும் காட்டாதீங்க."

எனக்குக் கை தானாக வேனிலிருந்து எழுந்துவிட்டது. இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு, நடுத்தெருவில், அணைந்த அடுப்புகளுக்கு இடையே நின்றுவிட்டேன். யாருக்கு முதலில் ஃபோன் செய்வது, பிரிவுப் பெண்களில் யார் முதலில் கத்துவார்கள், யார் அழுவார்கள் என்றெல்லாம் தலைக்குள் ஓடியது. வண்டி என்னை விட்டுவிட்டு மெல்ல முன்னால் போய்க்கொண்டிருந்தது.

லதா அக்கா திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"ஏ பிள்ளே! அவரு வாங்குவாரு, வாங்காம எங்க போவாரு! நீ வந்து தள்ளு!"